கறுப்பு நிறமும் கரிசல் குணமும்

கரிசல் மண் என்றதும் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதன் நிறம். கறுப்பு என்றால் சத்து, கறுப்பு என்றால் பருத்தி, கறுப்பு என்றால் எரிமலைக் குழம்பு என்று அந்த ஒன்றை வைத்தே மற்றதையெல்லாம் முடிவுகட்டிவிடுகிறோம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காட்டில் விளைச்சல் கூடுவதற்கும் சரி, வீட்டுச் சுவர் பிளப்பதற்கும் சரி, காரணம் நிறம் அல்ல. அந்த மண்ணில் பாதியளவு இருக்கும் களியும், அதோடு கலந்து கிடக்கும் சுண்ணாம்பும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

“கறுப்பாக இருப்பதால் மட்குச் சத்து நிறைந்தது”

மண் பரிசோதனை அட்டையைக் கையில் வாங்கும்போதுதான் இந்த நம்பிக்கை ஆட்டம் காணும். மானாவாரிக் கரிசலில் அங்ககக் கரிமம் அரை சதவீதத்தைத் தொட்டாலே நல்லது. பல நிலங்களில் அதற்கும் கீழே. பிறகு ஏன் இத்தனை கறுப்பு? இருக்கும் கொஞ்ச மட்கும் களித்துகளோடு இறுகப் பிணைந்து, துகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகிறது. அந்தப் பூச்சுக்கே அவ்வளவு நிறம். உக்ரைனிலும் ரஷ்யாவிலும் இருக்கும் ‘செர்னோசம்’ என்ற கருமண் வேறு வகை. 1883இல் ரஷ்ய அறிஞர் டொக்குச்சாயேவ் அதைப் பற்றி எழுதிய நூலிலிருந்துதான் நவீன மண்ணியல் தொடங்கியது என்பார்கள். அங்கே புல்வெளிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மட்குதான் கறுப்புக்குக் காரணம். இரண்டும் ஒரே நிறம், ஆனால் ஒரே மண் அல்ல. கரிசலுக்குத் தொழுவுரம் வேண்டாம் என்று சொல்பவர் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

“எரிமலைக் குழம்பிலிருந்து வந்த மண்”

மகாராஷ்டிரத்துக்கு இது பெருமளவு பொருந்தும். ஆனால் அந்தக் குழம்பு உறைந்து உருவான தக்காணத்தின் பசால்ட் பாறை தமிழ்நாடு வரை வரவே இல்லை. நம் கரிசலுக்குத் தாய்ப்பாறை பெரும்பாலும் நைஸ் வகைப் பாறைகளும், தாழ்வான இடங்களில் நீர் கொண்டுவந்து சேர்த்த வண்டலும்தான். சுண்ணச் சத்துள்ள கனிமங்கள் சிதைந்து, வடிகால் மட்டான சமவெளியில் அந்தச் சத்து அடித்துச் செல்லப்படாமல் தங்கினால், பாறை எதுவானாலும் இந்தக் களி உருவாகிவிடும்.

“கறுப்பு மண் எல்லாம் ஒரே வகை”

மண் வகைப்பாட்டியலில் கரிசலுக்குரிய வரிசையின் பெயர் வெர்ட்டிசால். அமெரிக்க முறையில் ஒரு மண்ணுக்கு இந்தப் பெயர் கிடைக்க மூன்று தகுதிகள் வேண்டும். மேலிருந்து 50 செ.மீ. வரை களி 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவ்வப்போது திறந்து மூடும் வெடிப்புகள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்குள், குறைந்தது 25 செ.மீ. கனத்துக்கு, உராய்ந்து மெருகேறிய வழுக்குத் தளங்களோ ஆப்பு வடிவ மண்கட்டிகளோ தென்பட வேண்டும். இந்தத் தகுதிகளில் நிறம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பழுப்பாக இருக்கும் வெர்ட்டிசாலும் உண்டு. முன்பு பெரிய உட்பிரிவுகளை மண்ணின் கருமையை வைத்துப் பிரித்தார்கள். 1990களின் திருத்தங்களில் அதையும் கைவிட்டு, சுண்ணாம்பு அடுக்கு, உப்பு, ஜிப்சம் போன்றவற்றை அடையாளமாகக் கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மேட்டுப் பக்கம் களி ஆழம் குறைந்து, வழுக்குத் தளம் சரியாக உருவாகாமல் இருந்தால், அதே கறுப்பு நிலம் வெர்ட்டிசால் பட்டியலிலிருந்து விலகி இன்செப்டிசால் பட்டியலுக்குப் போய்விடும். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர். பெயர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. ஆழம் குறைந்த கரிசலில் தை மாதமே பருத்தி வாடத் தொடங்குவதும், ஆழக் கரிசலில் அது பங்குனி வரை நிற்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

“கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்ளும்”

பள்ளிப் புவியியல் புத்தகத்திலேயே இருக்கும் வரி. பாதி உண்மை என்பதால் பொய்யை விடக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கரிசலில் இருக்கும் களி ஸ்மெக்டைட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் பெயர் பெற்றது மாண்ட்மோரில்லோனைட். அடுக்கடுக்கான தகடுகளாக இருக்கும் இந்தக் கனிமத்தின் இடுக்குகளில் நீர் நுழைந்தால் தகடுகள் விலகும், மண் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு வழியே மேல்மண் உதிர்ந்து உள்ளே விழும். மழை பெய்து அடிமண் உப்பும்போது இடம் போதாமல் மேல்நோக்கித் தள்ளும். இப்படியே காலப்போக்கில் மண் முழுவதும் தலைகீழாகப் புரண்டுவிடும் என்பதுதான் பழைய விளக்கம்.

அப்படிப் புரண்டிருந்தால் மேலும் கீழும் மண் ஒரே சீராகக் கலந்திருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் கீழே போகப் போகக் கரிமம் குறைகிறது. கதிரியக்கக் கரிமக் கணக்கில் பார்த்தால் ஆழத்து மட்கின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போகிறது. சுண்ணாம்பும் கீழ் அடுக்குகளிலேயே கூடுதலாகச் சேர்கிறது. வெடிப்பில் விழும் மண் இருக்கிறது, ஆனால் அது மொத்தத்தைக் கலக்கும் அளவுக்கு இல்லை. நிலத்துக்கு அடியில் பெரிதாக நடப்பது புரளல் அல்ல, சறுக்கல். உப்பும் மண், சாய்வான தளங்களில் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகிறது. ஆழக் குழி வெட்டினால் அதன் பக்கச் சுவரில் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் முகங்களைப் பார்க்கலாம். அவைதான் முன்னே சொன்ன வழுக்குத் தளங்கள்.

நனைந்தும் காய்ந்தும் மேல்பரப்பில் சில சென்டிமீட்டர் மட்டும் தானாகப் பொலபொலவென்று உதிர்வது உண்மைதான். அதை நம்பிக் கோடை உழவை விட்டுவிட்டால் நட்டம் விவசாயிக்கு. வெடிப்புகள் வாய் பிளந்து நிற்கும் வரை ஆழத்து ஈரமும் அந்த வழியே ஆவியாகிக்கொண்டிருக்கும்.

“தண்ணீரை நன்றாகப் பிடிப்பதால் வறட்சி தெரியாது”

பிடிப்பது உண்மை. கொடுப்பதில்தான் கருமி. நன்றாக நனைந்து வடிந்த 100 கிராம் கரிசலில் ஏறக்குறைய 35 கிராம் நீர் இருக்கும். செடி வாடிச் சாகும் கட்டத்திலும் அதில் 20 கிராம் அளவுக்கு மண்ணிலேயே இறுகிக் கிடக்கும். வேரால் அதை இழுக்க முடியாது. அதனால் லேசான தூறல் செம்மண்ணான செவலில் ஒரு பயிரைக் காப்பாற்றும், கரிசலில் மேல்தோலை நனைத்துவிட்டுப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையின் கனமழைகள்தான் கரிசலின் ஆழத்தை நிரப்ப வேண்டும்.

மானாவாரி விவசாயிகள் புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதன் கணக்கு இதுதான். நனைந்த கரிசலில் கால் வைக்க முடியாது, மாடும் டிராக்டரும் இறங்க முடியாது, பதம் வருவதற்குள் நாள் ஓடிவிடும். சோள விதையைக் கடினப்படுத்தி 5 செ.மீ. ஆழத்தில் போட்டால் சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காது, நல்ல மழைக்கே முளைக்கும்.

மழை கூடிய ஆண்டில் இன்னொரு கோணம். வெடிப்பு இருக்கும்போது மடமடவென்று குடிக்கும் மண், உப்பி வெடிப்பு மூடியதும் நீரை உள்ளே விடுவதே இல்லை. பயிர் தண்ணீரில் நிற்கும். ஐதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், வெர்ட்டிசால் நிலங்களுக்கென்றே ஒன்றரை மீட்டர் இடைவெளியில் அகலப் பாத்தியும் வாய்க்காலும் அமைக்கும் முறையைப் பரப்பியது. மானாவாரிக்கு எதற்கு வடிகால் என்று கேட்பவர்கள் ஒருமுறை கார்த்திகையில் கரிசல்காட்டைப் பார்க்க வேண்டும்.

“வெள்ளையாகத் தெரிந்தால் உப்பு, ஜிப்சம் போட்டால் சரியாகும்”

கரிசலைக் கிளறினால் கிடைக்கும் வெள்ளைக் கட்டிகள் பெரும்பாலும் சுக்கான், அதாவது கால்சியம் கார்பனேட். இது தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. ஆகவே வேரை வாட்டும் உப்பு இதுவல்ல. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு. உப்பா என்பதை மின்கடத்து திறன்தான் சொல்லும், கண் சொல்லாது.

சுண்ணாம்பு மண்ணில் கார அமில நிலை (pH) 8.2, 8.3 என்று நிற்பது இயல்பு. 8.5ஐ நன்றாகத் தாண்டினால் சோடியத்தைச் சந்தேகிக்க வேண்டும். களியில் ஒட்டிய சோடியத்தை விரட்டத்தான் ஜிப்சம். சோடியம் இல்லாத கரிசலில் காரத்தைக் குறைக்க ஜிப்சம் போடுவது, ஏற்கெனவே கால்சியம் மண்டிக் கிடக்கும் இடத்தில் மேலும் கால்சியத்தைக் கொட்டுவது. கார அமில நிலை இறங்காது.

சரி, கந்தகம் போட்டுச் சுண்ணாம்பையே கரைத்துவிடலாமா? ஒரு ஏக்கரில் 15 செ.மீ. மேல்மண் சுமார் 900 டன். அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 45 டன். அதை முழுவதும் கரைக்க 14 டன்னுக்கு மேல் கந்தகம் வேண்டும். விவசாயிக்குக் கட்டுபடியாகாத செலவு. சுண்ணாம்போடு வாழப் பழகுவதுதான் ஒரே வழி.

“இலை மஞ்சளானால் யூரியா”

அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, யூரியா சரி. குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பும் காரமும் அதைக் கரையவிடுவதில்லை. இரும்புச் சத்து தரும் அன்னபேதியை (ஃபெரஸ் சல்பேட்) மண்ணில் போட்டால் அதற்கும் அதே கதி. அரை முதல் ஒரு சதவீதக் கரைசலாக இலையில் தெளிக்க வேண்டும். யூரியாவை ஈரக் கரிசலின் மேலே தூவிவிட்டால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மண்ணுக்குள் மூட வேண்டும்.

“கோடையில் பாறை மாதிரி இருக்கிறதே, கடைக்காலுக்கு இரண்டடி போதும்”

வீடு கட்டுபவர்களின் நம்பிக்கை இது. பங்குனியில் கடப்பாரை இறங்காத தரை, கார்த்திகையில் உப்பிச் சுவரைத் தூக்கும். அடுத்த கோடையில் சுருங்கி இறங்கும். நடுவில் ஈரம், ஓரத்தில் காய்ச்சல் என்று ஒரே வீட்டுக்குள் வேறுபடுவதால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கோடு விழுகிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களைப் பரிந்துரைத்தது. ஆழக் கரிசலில் ஈரம் மாறும் மட்டத்துக்குக் கீழே, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வரை அவை இறங்கும்.

சாலை போடும்போது கரிசலில் சுண்ணாம்பு கலப்பதும் பழைய, நல்ல முறை. மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறதே, எதற்கு என்று ஒப்பந்தக்காரர் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். மண்ணில் இருப்பது கார்பனேட், களியோடு வினைபுரியாமல் சும்மா கிடக்கும். வேண்டியது நீற்றிய சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் இதே சுக்கானைச் சூளையில் சுட்டுத்தான் அதை எடுத்தார்கள்.