வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையைத் தேடிப் போன தாதி

இந்த மாதப் பாடம் தலைமைத்துவம். பொறியியல் படிக்கிற பையன் பள்ளித் தாதியைப் பற்றி எழுத என்ன இருக்குன்னு கேட்கலாம். பெரிய பதவி எதுவும் இல்லாமலே ஒரு நகரத்தின் நடைமுறையை மாற்றியவர் என்பதால்தான் இவரை எடுத்துக்கிட்டேன்.

நியூயார்க் நகரம், 1902. அங்கே 1897 முதலே மருத்துவர்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்து வந்தார்கள். கண்நோய், சொறி, படர்தாமரை, தலையில் பேன் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோய் பரவக் கூடாது, அது சரிதான். ஆனால் வீட்டுக்குப் போன பிள்ளைக்கு யார் மருந்து போடுவது? பெற்றோர் பலர் புதிதாகக் குடியேறிய ஏழைகள். கையில் கொடுத்த சீட்டை வாசிக்கக்கூட முடியாது. பிள்ளை தெருவில் சுற்றும். சாயங்காலம் அதே வகுப்புக் கூட்டாளிகளோடு விளையாடும். அப்புறம் நோய் எப்படி நிற்கும்?

அந்த வட்டாரத்தில் ஹென்றி ஸ்ட்ரீட் சேவை இல்லத்தை நடத்தியவர் லில்லியன் வால்ட். தலையில் புண் இருந்ததால் 12 வயது வரை பள்ளிக்கே போகாத லூயி என்ற பையனை அவர் பார்த்தார். சிகிச்சை செய்து பள்ளியில் சேர்த்தார். இப்படி எத்தனை லூயிகள் இருப்பாங்க!

வால்ட் "உங்க விதி தப்பு" என்று அதிகாரிகளிடம் சண்டைக்குப் போகவில்லை. லீனா ராஜர்ஸ் என்ற கனடா நாட்டுத் தாதியை ஒரு மாதத்துக்கு மட்டும் கடனாகக் கொடுத்தார். நான்கு பள்ளிகள், ஒரே தாதி. ஒரு மாசம்தானே, யார் வேண்டாம்னு சொல்வாங்க? ஆனால் முன்கூட்டியே ஒரு வாக்குறுதியும் வாங்கிக்கொண்டார்: முயற்சி வெற்றி பெற்றால், மருத்துவருக்குப் போலவே தாதிக்கும் பொதுப் பணத்தில் சம்பளம் கிடைக்க அவர்கள் முயல வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நாமும் எத்தனையோ முயற்சி தொடங்குறோம், "நல்லா வந்தா அடுத்து என்ன?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்க மறந்துடுறோம்.

ராஜர்ஸ் மருத்துவரின் வேலையைப் பறிக்கவில்லை. சின்ன நோய்க்குப் பள்ளியிலேயே மருந்து போட்டு, பிள்ளையைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பினார். வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டிய பிள்ளையின் வீட்டுக்கு இவரே போய், எப்படிக் கழுவணும், எப்படி மருந்து போடணும் என்று அம்மாவுக்குச் செய்து காட்டினார். எங்க பாடத்து மொழியில் சொன்னால், சோதனையில் தோற்ற பொருளை ஒதுக்கி வைக்க ஒரு பெட்டி இருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி வரிசையில் சேர்க்க வழி இல்லை. அந்த ஒரு படியை அவர் சேர்த்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நகரம் மேலும் 12 தாதியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. அடுத்த செப்டம்பரில் 1,101.

இதைப் படித்தபோது எங்க சனிக்கிழமை டியூஷன் வகுப்புதான் ஞாபகம் வந்தது. மூன்று வாரம் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம். போன வருஷம் ஆறு பெயர். வெட்டியது நான்தான், ஏன் வரலைன்னு ஒரு வீட்டுக்கும் போகலை. இந்த வாரம் அந்தப் பட்டியலோடு நானும் ஒரு அக்காவும் கிளம்புகிறோம். முதல் வீடு பிளாட்டில் நாலாவது மாடி, லிப்ட் வேலை செய்யாதாம்.