அழுந்திய விசையும் அதனை அறியும் நிரலும்

கணிப்பொறியின் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தி அவ்வாறே பிடித்திருப்போமாயின், முதலில் ஓர் எழுத்துத் தோன்றி, சிறிது இடைவெளிக்குப் பின் அவ்வெழுத்தே வரிசையாய் ஓடக் காண்போம். 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியில் இவ்விடைவெளி அரை விநாடி. அதன்பின் விநாடிக்கு ஏறக்குறைய 11 எழுத்துக்கள். எழுதுவோர்க்கு இஃது உதவியே. ஆயினும், சாளரங்களும் பொத்தான்களும் உடைய நிரலை இயற்றப் புகும் மாணாக்கர் பலர் இடறி விழுவதும் இவ்விடத்திலேதான்.

நாம் கண்ட நிரல் ஒன்றைக் கூறுவோம். அது மதிப்பெண் பட்டியலைக் காப்பது. நீக்கல் விசையை அழுத்தினால் குறித்த வரி நீங்கும். அதனை இயற்றிய மாணாக்கர் விரைந்து தட்டும் விரலினர். அவர் கையில் யாதொரு பிழையும் தோன்றவில்லை. பின்னர், முதுமையால் விரல் தளர்ந்த எழுத்தர் ஒருவர் அதே விசையை அழுத்தினார். அவர் விரலை எடுக்குமுன் நால்வரின் மதிப்பெண்கள் மறைந்துபோயின. கை செய்த செயல் ஒன்று. நிரலுக்கு வந்த செய்திகள் நான்கு. குற்றம் விரலுடையதன்று.

ஆதலின், 'அழுந்தியது' என்னும் செய்தி வந்தவுடன் செயலாற்றாது, இது புதிய அழுத்தமா, பழையதன் மீள்செய்தியா என வினவுதல் வேண்டும். விண்டோஸில் அச்செய்தியோடு வரும் எண்ணின் 30-ஆம் பிட்டு, விசை முன்னரே அழுந்தியிருந்ததா என்பதைக் காட்டும். கியூட் நூலகத்தில் 'இஸ் ஆட்டோ ரிப்பீட்' என்று கேட்டாலே போதும். லினக்ஸில் வழங்கும் எக்ஸ் சாளர முறையோ சற்று வஞ்சகமானது. விரல் விசைமீதே இருக்கையில், 'எழுந்தது', 'அழுந்தியது' என இரு செய்திகளையும் அது மாறிமாறி அனுப்பும். எழுச்சிச் செய்தியை நம்பியோர் இங்கே ஏமாறுவர். எக்ஸ்.கே.பி. என்னும் நீட்சியின் வழியாக முன்னரே வேண்டிக்கொண்டால், விரல் மெய்யாக எழும்போதுதான் அச்செய்தி வரும்.

இதனைக் கற்ற சிலர் மீள்செய்திகள் அனைத்தையும் தள்ளிவிடுவதுண்டு. அது மிகை. எழுதும் பெட்டியில் பின்னழிப்பு விசையைப் பிடித்து ஒரு வரியை அழிக்க விரும்புவோரை நாம் ஏன் ஒவ்வோர் எழுத்துக்கும் தட்டச் செய்தல் வேண்டும்?

திரையில் ஓர் உருவத்தை நகர்த்தும் விளையாட்டுக்களின் நிலை வேறு. அங்கு மீள்செய்தியைக் கடிகாரமாகக் கொள்ளலாகாது; உருவம் ஓரடி வைத்து, தயங்கி நின்று, பின்பு ஓடும். அதன் வேகமும் அவரவர் கணிப்பொறியின் அமைப்புக்கேற்ப மாறும். அழுந்தியுள்ள விசைகளை ஒரு பட்டியலில் குறித்து வைத்து, நிரலின் காலக்கருவி 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதனைப் பார்த்து உருவை நகர்த்துமாறு செய்தலே தக்கது. விசையைப் பிடித்தவாறே ஒருவர் வேறு சாளரத்திற்குச் சென்றால், எழுச்சிச் செய்தி நம் நிரலுக்கு வாராது. உருவம் பேய் பிடித்தாற்போல் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே நம் சாளரம் பின்வாங்கும்போதே பட்டியலை வெறுமையாக்கிவிட வேண்டும்.

மேற்கூறிய மதிப்பெண் நிரலுக்கு இத்தனையும் வேண்டியிருக்கவில்லை. அம்மாணாக்கர் ஒரே வினாவைச் சேர்த்தார். எழுத்தர் எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஒரு வரியே நீங்கிற்று. நீக்கியதை மீட்கும் வழியொன்றையும் பின்னர் அமைத்தார். அதனை முதலிலேயே அமைத்திருக்கலாம் என்பது நம் கருத்து.