முதியோர் மனநலமும் மொழியும்

முதுமை நோயன்று. ஆயினும், முதுமையில் வரும் நோயையும் முதுமை என்றே எண்ணி விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கண் மங்கினால் கண்ணாடி வாங்கித் தருகிறோம். மூட்டு வலித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். மனம் சோர்ந்தால் மட்டும், ‘வயதானால் அப்படித்தான்’ என்று கூறி அமைந்துவிடுகிறோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதை எட்டியவர்கள். இவர்களுக்கு மனநல மருத்துவம் எட்டாமைக்குத் தொலைவும் செலவும் காரணங்கள். மொழியும் ஒரு காரணம் என்பதே நாம் இங்கு ஆராயும் கருத்தாகும்.

சொல்லும் நோயும்

‘எனக்கு மனச்சோர்வு’ என்று நம் மூதாட்டியர் கூறுவதில்லை. ‘நெஞ்சு படபடங்குது’, ‘கைகால் ஓஞ்சு வருது’, ‘சோறு இறங்கலை’, ‘ராத்திரி கண்ணு மூடலை’ என்றே கூறுவர். கேட்பவர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மாத்திரை தருவார். உள்ளிருக்கும் துயரம் கேட்கப்படாமலே போகும். அதேபோல், சோர்வெல்லாம் மனநோயும் அன்று. தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, உண்ணும் மருந்துகளின் பக்க விளைவு ஆகியவற்றாலும் சோர்வும் மறதியும் தோன்றலாம். எனவே, பிரித்தறிய மருத்துவர் இன்றியமையாதவர். அவரிடம் கொண்டு சேர்க்க, அச்சொற்களின் பொருள் உணர்ந்த ஒருவர் வேண்டும்.

பிற இடங்களின் பாடம்

ஜிம்பாப்வே நாட்டில் 2006ஆம் ஆண்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து, மருத்துவ நிலைய வளாகத்தில் மரப்பலகை இருக்கைகளில் அமர்ந்து மக்களின் குறைகேட்கச் செய்தார். அவர்கள் நோய்ப்பெயர் எதனையும் கூறவில்லை. ‘மிகையாக நினைத்தல்’ என்று பொருள்படும் ஷோனா மொழிச் சொல்லையே வழங்கினர். நம் நாட்டிலும் கோவாவில், மனநல மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் 60 வயது கடந்தோருக்குச் சிக்கல்களைத் தீர்க்கும் வழி, உறக்க ஒழுங்கு, அரசு உதவிகளைப் பெறும் முறை ஆகியவற்றைக் கற்பித்தனர். இவ்வுதவி பெற்றோரிடையே மனச்சோர்வு நோய் குறைவாகவே தோன்றியதென 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

உரிமையும் கடமையும்

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு வழங்கும் மனநல மருத்துவத்தைப் பெறும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. முதியோருக்கான மனநலச் சேவையையும் தனியே சுட்டுகிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆனால், காது மந்தமான முதியவர் தாமே தொலைபேசியில் இதனைக் கேட்டுப் பெறுவது எளிதன்று. உடனிருந்து பேசித் தருபவர் தேவை.

மாணவர்களே! வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்பது தமிழ்த்துறையின் பழகிய பணி. அப்பணியில், முதியோர் தம் மனத்துயரைக் கூறும் சொற்களையும் ஊர்தோறும் தொகுத்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் செவிலியரிடமும் அளிப்போமாக. வீட்டிலுள்ள பெரியவர் உண்ணாமலும் உறங்காமலும் இரண்டு வாரங்கள் கழிந்தால், அதை வயதின்மேல் ஏற்றிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். ‘இனி இருந்து என்ன பயன்’ என்று அவர் கூறினால், அதைப் புலம்பல் எனத் தள்ளாமல் அன்றே உதவி நாடுவோம். நமக்குப் பேசக் கற்றுத் தந்தவர்கள் அவர்கள். அவர்தம் பேச்சின் பொருளை உணர்வது நம் கடன்.