ஆர்.ஏ. நம்பரைத் துரத்தாதீர்கள்

"டாக்டர், ஆர்.ஏ. எண்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்." சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நம்பர் இறங்கவில்லையே என்று மாதாமாதம் லேபில் கையை நீட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ரத்தச் சோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் சர்க்கரை அளவு மாதிரி அல்ல. அதைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

முடக்குவாதம், அதாவது சரவாங்கி, உள்ளவர்களில் 100-க்கு 20, 30 பேருக்கு இது நெகட்டிவாகவே இருக்கும். காசநோய், தொழுநோய், ஹெப்படைடிஸ் சி இருந்தாலும் பாசிட்டிவ் வரலாம். எந்த நோயும் இல்லாத முதியவர்கள் சிலருக்கும் வரும். 2006-ல் ராயலசீமாவை உலுக்கிய சிக்குன்குனியா எத்தனையோ பேருக்கு மாதக்கணக்கில் மூட்டுவலியை விட்டுப்போனது. அந்த வலியையும் ஒரு பாசிட்டிவ் ரிப்போர்ட்டையும் முடிச்சுப் போட்டு ஆயுளுக்கும் மருந்து எழுதலாமா?

2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில், ஒரு மூட்டாவது வீங்கியிருந்தால்தான் கணக்கே தொடங்கும். மொத்தம் 10 மதிப்பெண். 6 எடுத்தால் முடக்குவாதம். மூட்டுகளுக்கு 5 வரை உண்டு. ஆர்.ஏ., ஆன்டி சி.சி.பி. என்ற இரண்டு ரத்தச் சோதனைகளுக்கும் சேர்த்தே 3-க்கு மேல் கிடையாது. மருந்தின் அளவை முடிவுசெய்ய 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எண்ணுகிறோம், கூடவே ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது, மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடிகிறதா என்று கேட்கிறோம். ஆர்.ஏ. குறைந்த நிலையிலும் உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருக்கலாம்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றாலே லூபஸ் என்பது அடுத்த பீதி. 1:40 அளவில் ஆரோக்கியமானவர்களிலேயே 100-க்கு 30 பேர் வரை பாசிட்டிவ். தொண்டைத் தொற்றுக்கான ஏ.எஸ்.ஓ. கூடியிருப்பதை மட்டும் பார்த்து நாற்பது வயதுக்காரருக்குப் பென்சிலின் ஊசி போடுவதையும் விட்டொழிக்க வேண்டும்.

ஆளுக்கேற்ற மருந்துக்கு உண்மையிலேயே உதவும் சோதனைகளை யாரும் கேட்பதில்லை. ஆன்டி சி.சி.பி. பாசிட்டிவ் என்றால் எலும்பு அரிப்புக்கு வாய்ப்பு அதிகம், ஆரம்பத்திலேயே சிகிச்சையை முடுக்கிவிடலாம். ரிட்டுக்சிமாப் ஊசியும் பாசிட்டிவ்காரர்களுக்கே கூடுதல் பலன் தருகிறது. லூபஸுக்கு அசாதயோபிரின் தொடங்குமுன் என்.யு.டி.டி.15 மரபணுவைப் பார்ப்பது நல்லது. அதில் குறை இருந்தால் வழக்கமான அளவே வெள்ளையணுக்களைச் சரித்துவிடும், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். ஐரோப்பியரைவிட ஆசியர்களிடம் இந்தக் குறை அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேல், முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அது வாரம் ஒருமுறைதான். தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் வற்றி, உயிரே போகலாம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்றிருக்கும் ஊரில் அட்டையில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் யாருக்குப் புரியும்? மருந்துக் கடைக்காரர்கள் கவர்மேல் 'செவ்வாய் மட்டும்' என்று இரண்டு மொழியிலும் எழுதித் தரவேண்டும். ஆர்.ஏ.வைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் காசில், இந்த மருந்தின் பாதிப்பைக் காட்டும் சி.பி.சி., எஸ்.ஜி.பி.டி., கிரியேட்டினின் பாருங்கள். இந்த மூன்றையும் மண்டலத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்க அரசு ஏற்பாடு செய்யட்டும். இதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு திருப்பதி ஸ்விம்ஸுக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ யாரும் பஸ் ஏறக் கூடாது.