கண்வலி விதை எங்கே போகிறது?

அன்புள்ள கயல்விழிக்கு,

கொடைக்கானல் மலையில் இத்தனை மூலிகை இருந்தும் இங்கிருந்து ஒரு மருந்துகூட உலகச் சந்தைக்குப் போகவில்லையே, ஏன் பெரியப்பா என்று கேட்டிருந்தாய். பி.பார்ம். சேரப்போகிற பெண் கேட்க வேண்டிய கேள்விதான். செடிக்கும் இங்கே பஞ்சமில்லை, மூளைக்கும் பஞ்சமில்லை. செடிக்கும் மாத்திரைக்கும் நடுவில் இருக்கிற வேலைக்குப் பணம் போட ஆளில்லை. ஒரே ஒரு செடியை வைத்துச் சொல்கிறேன்.

பழனி மலையை விட்டு இறங்கினால் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம், மூலனூர், தாராபுரம் என்று கண்வலிக் கிழங்கு போட்ட காடுகளைப் பார்க்கலாம். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. யாழ்ப்பாணத்தில் கார்த்திகைப் பூ என்பார்கள். இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ள, கொடி ஏறும். பூவைக் கிட்டப்போய்ப் பார். சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையிலேயே ஆட்கள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையாலேயே தொட்டுவைக்கிறார்கள். விளைச்சலே அந்த விரல்களால்தான்.

விதையில் இருப்பது கால்சிசின். பெல்த்தியே, காவெந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820-ல் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலத்தால் வரும் கவுட் மூட்டுவலிக்கு வெகுகாலமாகக் கொடுத்துவரும் மருந்து. நம் விதை வியாபாரி கைக்குப் போகிறது, அங்கிருந்து சாறெடுக்கும் ஆலைக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. விலையைச் சொல்வது வாங்குகிறவர்கள். ஆதரவு விலை கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் இந்தப் பழைய மாத்திரை ஒன்று பத்து சென்ட் அளவில் விற்றுவந்தது. 2009-ல் ஒரு நிறுவனம் இருநூறுக்கும் குறைவான நோயாளிகளிடம் பரிசோதித்து, முறையான அனுமதி வாங்கி, சில ஆண்டுகளுக்குத் தனி விற்பனை உரிமையும் பெற்றது. மாத்திரை விலை ஐந்து டாலரைத் தொட்டது. மருந்து அதேதான். விலையை ஏற்றியது பரிசோதனை முடிவும் அதை ஒட்டிக் கிடைத்த உரிமையும். பயிரிட்டவனுக்கு இதில் ஒரு காசும் கூடவில்லை.

அடுத்ததைக் கவனி. கால்சிசின் மாரடைப்பையும் தடுக்குமா என்ற கேள்வி எழுந்தது. காப்புரிமை இல்லாத பழைய சரக்கு. எந்தக் கம்பெனி கோடிகளைக் கொட்டும்? கனடாவில் மொன்றியல் இதய நிலையம் 4,745 நோயாளிகளிடம் பரிசோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டது. அதற்குப் பணம் கொடுத்ததில் கியூபெக் அரசும் ஒன்று. ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் சேர்ந்து 5,522 பேரிடம் செய்த ஆய்வு 2020-ல் வந்தது. இரண்டிலும் பலன் தெரிந்தது. 2023-ல் அமெரிக்கா அரை மில்லிகிராம் மாத்திரையை இதய நோய்க்கு அனுமதித்தது. 2024-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. எனவே யாருக்குக் கொடுக்கலாம் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. மாரடைப்பு இளவயதிலேயே வருகிற நம் மக்களுக்கு இது அவசரமான கேள்வி.

என்னை உறுத்துவது இன்னொன்று. கண்வலிக் கிழங்கிலும் இதே கால்சிசின் இருப்பதால் அது கொடிய விஷம். உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சமைத்து உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் உடம்பு தாங்கும்வரை தாங்கிப்பிடிக்கும் சிகிச்சைதான். மாற்று மருந்து கையில் இல்லை. ஆனால் மாற்று மருந்து ஒன்று பிறந்தது. கால்சிசின் விஷம் ஏறிய ஓர் இளம்பெண்ணுக்கு, ஆட்டின் உடலில் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பிரான்ஸ் மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். 1995-ல் அது வெளியாயிற்று. முப்பது ஆண்டாகியும் அது கடைக்கு வரவில்லை. பணக்கார நாடுகளில் இந்த விஷம் அபூர்வம். இங்கே சாகிறவர்களால் விலை கொடுக்க முடியாது. தயாரித்தால் லாபமில்லை, அவ்வளவுதான்.

நமக்குத் தெரியாத தொழிலா இது? பாம்புக்கடிக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள் எடுக்கும் வேலை நம் நாட்டில் காலங்காலமாக நடக்கிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் அதற்கான விஷத்தை எடுத்துத் தருகிறது. தொழில் தெரிந்த கைகள் இருக்கின்றன. கண்வலிக் கிழங்கு விஷத்துக்கும் செய்து தாருங்கள் என்று சொல்லிப் பணம் ஒதுக்குகிறவர் இல்லை.

ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து ஒரு ஆய்வைத் தொடங்கின. காசநோய்க்காரரைச் சானடோரியத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. அது ஏழை நாட்டின் கேள்வி. படுக்கை பற்றாத ஊரில்தான் அது எழும். நகரத்து ஏழைகள் 193 பேரைப் பாதி பாதியாகப் பிரித்து ஓராண்டு சிகிச்சை கொடுத்தார்கள். குடிசையில் நெருக்கியடித்து, அரைவயிற்றுச் சோற்றோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. அதன்பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டன. நம் நோயாளி, நம் கேள்வி, பொதுப் பணம். மூன்றும் சேர்ந்ததால் நடந்தது.

ஆனால் ஏழை உடம்பு மலிவாகக் கிடைக்கிறது என்று அலட்சியமாகப் பரிசோதனை செய்தவர்களும் இந்நாட்டில் இருந்தார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. நோயாளிக்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்காத ஆய்வில் நீ ஒருநாளும் கையெழுத்துப் போடாதே.

கல்லூரியில் சேர்ந்ததும் எல்லோரும் விற்பனை வேலைக்கும் வெளிநாட்டுக்கும் வழி கேட்பார்கள். நீ மருந்தியலோடு மருத்துவப் புள்ளியியலையும் படி. ஆய்வைத் திட்டமிடத் தெரிந்தவர்கள்தான் இங்கே குறைவு. 2007 முதல் நம் நாட்டு மருந்துப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதில் கால்சிசின் என்று தேடி, என்னென்ன ஆய்வு நடக்கிறது, யார் பணம் போடுகிறார்கள் என்று குறித்து எனக்கு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா
ஒட்டன்சத்திரம்