பழைய கேம்ஷாஃப்ட் வாங்கப் போகிறீர்களா? வெர்னியரோடு போங்கள்

நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரில் 1989 முதல் 2002 வரை ஆர்32, ஆர்33, ஆர்34 என மூன்று தலைமுறைக்கும் ஓடியது ஆர்பி26 எஞ்சின்தான்: வரிசையாக ஆறு சிலிண்டர், 2,568 சி.சி., இரட்டை டர்போ. அதனால் எச்கேஎஸ், டோமெய் நிறுவனங்களின் கேம்ஷாஃப்ட்கள் செகண்ட் ஹேண்டில் அடிக்கடி விற்பனைக்கு வரும். விற்பவர் "272 கேம்" என்பார். அந்த எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

272 என்பது டியூரேஷன், அதாவது கிராங்க் எத்தனை டிகிரி சுழலும்வரை வால்வு திறந்திருக்கிறது என்ற கணக்கு. அதை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வால்வு லேசாக அசைந்ததுமே எண்ணுகிறவர்கள் உண்டு. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. எழும்பிய பிறகான எண்ணையும் தருவார்கள். அது வெகுவாகக் குறைந்து தெரியும். ஒரே கேமுக்கு இரண்டு எண் இருக்க முடியும் என்பதால், எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள்.

அடுத்து, அது உங்கள் எஞ்சினுக்கான கேம்தானா? "ஸ்கைலைன் கேம்" என்ற பெயரில் ஆர்பி25 கேமும் கைமாறும். ஜிடி-ஆர் அல்லாத ஆர்33 ஸ்கைலைனின் ஆர்பி25 டர்போவில் இருப்பது ஹைட்ராலிக் லிஃப்டர். ஆர்பி26-இல் ஷிம் வைத்த சாலிட் பக்கெட். ஒன்றுக்காக வெட்டிய கேமை இன்னொன்றில் போடக் கூடாது. எக்ஸாஸ்ட் கேமின் முன்முனையில்தான் கிராங்க் ஆங்கிள் சென்சார் மாட்டும். அந்த முனை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வெர்னியரை எடுங்கள். லோபின் முனையிலிருந்து அடி வரை ஒரு அளவு, அதற்குக் குறுக்கே அடிவட்டத்தின் விட்டம் இன்னொரு அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் லிஃப்ட். உதாரணமாக 41.15-இல் 32 போனால் 9.15 மி.மீ. இந்த எஞ்சினில் கேம் நேரடியாகப் பக்கெட்டை அழுத்துவதால், வால்வு கிளியரன்ஸைக் கழித்தால் வால்வு எழும்பும் அளவும் அதுவே. கம்பெனி கேமின் லிஃப்ட் இன்டேக்கில் 8.58, எக்ஸாஸ்டில் 8.28. ஒரு கேமில் பன்னிரண்டு லோப். ஒன்று விடாமல் அளந்து பாருங்கள். ஒரே ஒரு லோப் மட்டும் 0.1 மி.மீ. குறைந்தாலும் அது தேய்ந்துவிட்டது. எல்லா லோபிலும் அடிவட்டம் சிறுத்திருந்தால் பழைய கேமை மறுபடி கிரைண்ட் செய்திருக்கிறார்கள்: தடித்த ஷிம் தேடவேண்டும், மேலே இருந்த கெட்டிப் படலமும் மெலிந்திருக்கும். நான் அதைத் தொடமாட்டேன்.

லோப் முனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் குழியோ கீறலோ இருந்தால் வேண்டாம். முனை மழமழவென்று பளபளப்பது இயல்புதான். நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஷாஃப்ட் வளைந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. லேத் பட்டறையில் வி-பிளாக்கில் வைத்து, டயல் கேஜ் பொருத்திச் சுழற்றச் சொல்லுங்கள்.

எதை எடுப்பது? டர்போ கம்பெனியுடையதே என்றால், 252 முதல் 260 டிகிரி, 9.15 மி.மீ. லிஃப்ட் உள்ள டோமெய் பொன்கேம் வகை போதும். கம்பெனி ஸ்பிரிங்கோடே ஓடும். 272-க்கு மேல் போனால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். சிறிய டர்போவில் எக்ஸாஸ்ட் பக்க அழுத்தம் அதிகம் என்பதால் எரிந்த புகை சிலிண்டருக்கே திரும்பும். ஏற்கனவே கீழ் ஆர்பிஎம்மில் சோம்பும் எஞ்சின் இன்னும் சோம்பும். லிஃப்ட் 10 மி.மீ. தாண்டினால் லோப் உரசாமல் இருக்க ஹெட்டைச் செதுக்கவேண்டும், ஸ்பிரிங்கும் மாற்றவேண்டும். மலிவாகக் கிடைத்த கேமுக்கு அத்தனை செலவு, பெரிய டர்போவும் ரேஸ் டிராக்கும் இருந்தால்தான் நியாயம்.

இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் ஒரே நிறுவனத்தின் ஜோடியாக, ஸ்பெக் தாளோடு வாங்குங்கள். அளக்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.