தொட்டியை மீறி வளரும் மீன்

கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்கென விரலளவு மீன்குஞ்சை வாங்குவோர், அது முழு வளர்ச்சியுற்றால் எவ்வளவு பெரிதாகும் என்பதை முன்னரே அறிதல் வேண்டும். வட அமெரிக்க ஆறுகளுக்குரிய அலிகேட்டர் கார் என்னும் ஊனுண்ணி மீன் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். முதலையின் வாய் போன்று நீண்ட வாயுடைய இம்மீன் 2 மீட்டருக்கு மேலும் வளரும், பல்லாண்டுகள் வாழும்.

1 மீட்டர் நீளமும், 40 செ.மீ. அகலமும், 40 செ.மீ. நீராழமும் உடைய தொட்டி 160 லிட்டர் நீரே கொள்ளும். வளர்ந்த கார் மீன் அதில் உடலைத் திருப்பவும் இயலாது.

இடம் குறைவதோடு நீரும் கெடுகிறது. மீன் உண்ணும் புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளிப்படுகிறது. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் இந்நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் பெருக்கப் பெருக்கக் கழிவும் மிகுவதால் சிறு வடிகட்டி போதாது. அம்மோனியா தங்கிச் செவுள்களைப் புண்படுத்தும். கார் மீன் மேற்பரப்புக் காற்றை விழுங்கிச் சுவாசிக்க வல்லது. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் பிழைத்திருக்கும். ஆகவே, மீன் உயிரோடிருப்பது கொண்டே நீர் நன்றெனக் கொள்ளலாகாது.

வளர்ந்த மீனை ஏரியில் விடுதல் அதனினும் பெருந்தீங்கு. 2023 மே மாதத்தில் ஸ்ரீநகரின் தால் ஏரியில் இவ்வின மீன் ஒன்று அகப்பட்டது. இத்தகைய அயல் ஊனுண்ணிகள் நாட்டு மீன்களை இரையாக்கும். தொட்டிக்கு ஒவ்வாத மீனை விற்றவரிடமோ, பெரிய காட்சியகத்திடமோ ஒப்படைக்க முயலல் வேண்டும். வாங்காதிருத்தல் அதனினும் நன்று.